சர்வருக்கு ஒரு செவ்வந்தி மாலை

செப்டம்பர் 8, திங்கள்

கணக்குக்கான சர்வர் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. என் கணவர் உட்கார்ந்திருந்த அறையில், ஏ.சி.க்கு நேரே வைக்கச் சொன்னேன். நம் போர்வெல் வண்டிகள் சத்தீஸ்கரில் ஓடுகின்றன. எத்தனை அடி துளை போட்டோம் என்பதை மேனேஜர் ராசு இனி அங்கிருந்தே இதில் ஏற்றலாம். என் கணவர் காலமானதிலிருந்து ராசு போனில் சொல்ல, கொழுந்தனார் நாச்சிமுத்து தன் ஆபீஸில் குறித்துக்கொண்டிருந்தார். நம் கணக்கு நம்மிடம் இல்லை. இன்றோடு அது முடிந்தது.

நாச்சிமுத்து சிரித்தார். "ஏனுங்க அண்ணி, தீபாவளிக்குள்ள இந்தப் பொட்டி படுத்துக்கிச்சுன்னா, கணக்கு மறுபடி என்ர ஆபீஸுக்கே வந்துரோணும். செரிங்களா?"

"செரிங்க" என்றுவிட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

சர்வரை மாட்டிக்கொடுத்த ஓமலூர்ப் பெண் தனப்பிரியா கெட்டிக்காரி. வெளியூரிலிருந்து உள்ளே நுழைய பாஸ்வேர்டு மட்டும் போதாதாம். லேப்டாப்பில் செருக ஒரு குட்டிச் சாவியும் வேண்டுமாம். ஒன்று ராசுவுக்கு, ஒன்று எனக்கு, ஒன்று பீரோவில்.

ஆபீஸ் முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்டு, அதையும் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள் — அங்காளம்மன்123! கிழித்துப் போட்டேன். அவரவருக்குத் தனி. என்னிடமும் சொல்லக் கூடாது. கான்வென்டில் படித்தவளிடம் இந்த அலட்சியம் நடக்காது.

செப்டம்பர் 19, வெள்ளி

ராசு அங்கே ஏற்றியது இங்கே தெரிந்தது! அடிக் கணக்கில் ஒரு பூஜ்யம் குறைவு. திருத்தச் சொன்னேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுதபூஜை. சர்வருக்குச் சந்தனம், குங்குமம், கனமான செவ்வந்தி மாலை — எல்லாம் என் கையால். பொரி கொடுத்துக்கொண்டிருந்தபோது தனப்பிரியா போன். ஓமலூரில் இருந்தபடியே தன் கம்ப்யூட்டரில் சர்வரின் சூட்டைப் பார்த்திருக்கிறாள்.

"ஏனுங்கம்மா, சர்வர் கொதிக்குதுங்க. முன்னாடி என்னத்தையாச்சும் வெச்சுட்டீங்களா? காத்து உள்ள போற பக்கமுங்க அது."

மாலை! ஓட்டை அத்தனையையும் அடைத்துக்கொண்டு. எனக்கு ஏன் தோணலை?

நாச்சிமுத்து குறுக்கே வந்தார். "நாளைக்கு மறுபூசைக்கு முந்தி மாலையைத் தொடக் கூடாதுங்க அண்ணி. படுத்தா படுத்துட்டுப் போகுது." முகத்தில் அப்படி ஒரு பக்தி.

கழற்றினேன். சுவரில் இருந்த என் கணவர் படத்துக்குப் போட்டேன். "மாலை பூசையிலதான் இருக்குது தம்பி. உங்கண்ணனுக்கு மூச்சு முட்டாது."

சூடு இறங்கிவிட்டது என்று தனப்பிரியா சொன்ன பிறகுதான் மீதிப் பொரியைக் கொடுக்கப் போனேன்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி போயிற்று. சர்வர் படுக்கவில்லை.

சாயங்காலம் நாச்சிமுத்து வந்தார். காபியைக் குடித்து முடித்தார். பிறகு, "என்ர வண்டிக் கணக்கையும் இதுலயே ஏத்திரலாமுங்களா அண்ணி? அந்தச் சாவி ஒண்ணு..."

பீரோவைத் திறந்து கொடுத்தேன். பாஸ்வேர்டை அவரே வைத்துக்கொள்ள வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது என்றேன்.

"அங்காளம்மன்னே வெச்சுக்கறேனுங்க" என்றார்.

வேறு வைக்கச் சொன்னேன்.