அடுப்புக்கும் குளிர் அறைக்கும் ஒரே வெப்பம்

மார்ச் 4
எனக்கு மறதி கிடையாது. ஆனால் ரொட்டித் தொழிற்சாலையில் இப்படிப் பேச்சாம்: "அந்தம்மா ஏதோ மறந்து போய் எழுதின புரோகிராம், அதான் ரொட்டி கருகிடுச்சு." எழுதியபோது எனக்கு நாற்பத்தொரு வயது. முப்பத்து மூன்று வருடமாக ஒரு ரொட்டிகூடக் கருகவில்லை. போன வாரம் நானூறு. புதிதாக அங்கே சேர்ந்திருப்பவர் என் மாப்பிள்ளை.

மார்ச் 5
மாப்பிள்ளை வந்தார். "அத்தை, உங்க புரோகிராமைத் தொடவே இல்ல. ஒரே ஒரு வார்த்தையைத்தான் எடுத்தேன்."

தொடாமலே எடுத்தாராம்!

அந்த வார்த்தை ஸ்டாட்டிக். அடுப்புக் கோப்பில், சூட்டின் அளவை வைத்திருக்கும் 'டெம்ப்' என்ற மாறிக்கு முன்னால் போட்டிருந்தேன். அது இருந்தால் அந்தப் பெயர் அந்தக் கோப்பை விட்டு வெளியே எட்டிப் பார்க்காது. இவருடைய புதுத் திரையில் சூட்டைக் காட்ட வேண்டும். பெயர் கிடைக்கவில்லை என்றது, கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர். உடனே பூட்டையே கழற்றிவிட்டார். குளிர் அறைக் கோப்பிலும் ஒரு 'டெம்ப்' உண்டு. அந்தப் பழைய லிங்கர் வாயைத் திறக்காமல் இரண்டையும் ஒரே மாறியாக்கிவிட்டது. குளிர் அறை நான்கு டிகிரி என்று எழுத, அதைப் படித்த அடுப்பு, ஐயோ குளிருகிறதே என்று எரிந்து தள்ளியிருக்கிறது.

மேலாளரின் அறிக்கையில் காரணம்: என் கவனக்குறைவு. திங்கட்கிழமை கையெழுத்தாகிறது.

மார்ச் 6
மகள் போனில்: "விட்டுடும்மா. அவருக்கு வேலை போயிடும்."
"என் பேரு போனா பரவால்லையாடி?"
வைத்துவிட்டாள்.

மார்ச் 7
ஆதாரத்துக்கு, புரோகிராமின் பழைய அச்சுப்படியை எடுத்தேன். அடுப்பு, மூன்றாம் பக்கம்: ஸ்டாட்டிக் இருக்கிறது. பார்த்தீர்களா, மாப்பிள்ளை! குளிர் அறை, ஒன்பதாம் பக்கம் —

இல்லை.

மார்ச் 8
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டும் பார்த்தாயிற்று. இல்லை. கீழே 'சரிபார்த்தது' என்று என் கையெழுத்து வேறு. சனியனே! இரண்டில் ஒன்றில் இருந்தாலே மோதாது. அடுப்புல போட்டிருந்ததாலதான் இத்தனை வருஷம் நான் தப்பிச்சேனா? என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

மாப்பிள்ளை ஒன்பதாம் பக்கத்தைப் பார்க்கவில்லை. பார்க்கிற ஆளும் இல்லை. கிழித்துவிட்டால்?

நான் படித்த கான்வென்ட்டில் தப்பை அழிக்கவே விடமாட்டார்கள். மேலே ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து. அந்த சிஸ்டர்கள் நாசமாய்ப் போக.

மார்ச் 9
மேலாளருக்கு அனுப்பியதன் நகல்:

"ஐயா, அடுப்புக் கோப்பில் ஸ்டாட்டிக்கை எடுத்தவர் என் மாப்பிள்ளை. குளிர் அறைக் கோப்பில் அதைப் போடாமல் விட்டவள் நான், பக்கத்தை இணைத்திருக்கிறேன். இரண்டு பிழையும் சேர்ந்துதான் ரொட்டி கருகியது. அறிக்கையில் இருவரையும் எழுதுங்கள். இதற்காக அவரை வேலையிலிருந்து நீக்குவதானால், புரோகிராமின் முதல் வரியிலிருந்து என் பெயரையும் நீக்கிவிடுங்கள். எது முடிவானாலும் எழுத்தில் பதில் தரவும்."