நாய்க்கடுகுத் தாளிப்பு

இன்று காலை மக்காச்சோளக் கொல்லையில் களை பிடுங்கும்போது ஒரு நாய்க்கடுகுச் செடி கையில் சிக்கியது. மஞ்சள் பூ, பிசுபிசுத்த இலை. சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியும் அந்தக் காட்டமான வாடை போகவில்லை. உடனே நீ நினைவுக்கு வந்தாய். கூடவே எரிச்சலும் வந்தது; பொய் சொல்வானேன்?

உனக்கு ஆறு வருஷம் முன்னாலேயே இந்த வீட்டுக்கு வந்த மூத்த மருமகள் நான். மலையடிவாரத்திலிருந்து என் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நீ, முதல் மாதமே அடுப்பைப் பிடித்துக்கொண்டாய். நாங்கள் களையென்று பிடுங்கி எறிந்ததை வரப்போரம் விட்டுவைத்தாய். வெயில் ஏறினால் காய் வெடித்துச் சிதறிவிடும் என்று விடியலிலேயே பறித்து, உலர்த்தி, விதையைப் புடைத்து எடுத்தாய். கருவாட்டுக் குழம்பில் கடுகுக்குப் பதிலாக அதைத்தான் தாளித்தாய். மாமனார் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "சின்னவ வச்ச கொழம்பு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தும்மா" என்று என்னிடமே கேட்டார். ஆறு வருஷமாக நான் ஆக்கிப் போட்டதெல்லாம் என்ன, கழுநீரா?

அடுத்த வருஷம் காய் பிடிக்கும் நேரத்தில், ஆள் இல்லாதபோது போய், வரப்போரம் இருந்த அத்தனையையும் வேரோடு பிடுங்கிப் போட்டேன்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மாமனார் கேட்டார்: "வரப்புல நாய்க்கடுகு ஒன்னுகூட காணமே, இன்னா ஆச்சி?"

பிசுபிசுப்பு போகாத என் கையை நீ பார்த்தாய். "ஆடு மேஞ்சிட்டுதுங்க மாமா" என்றாய்.

அடிப்பாவி! நாய்க்கடுகில் எந்த ஆடு வாய் வைக்கும்? மாமனாருக்குத் தெரியாதா? அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். நீ சண்டைக்கு வந்திருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அந்த நல்ல குணத்தைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

நீ போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது நான்தான் விதை எடுக்கிறேன், நான்தான் தாளிக்கிறேன். நேற்று என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்ததும், "சின்னவ வச்ச மாதிரியே இருக்குதுடி" என்றார். "வச்சது நானு!" என்று கத்திவிட்டேன்.

குழம்பு வைத்த நாளெல்லாம் எனக்குப் பரிமாறிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாய். "எப்டிக்கா இருக்குது?" என்பாய். "உப்பு கம்மி" என்பேன். அடுத்த முறை ஒரு கல் கூடப் போட்டுவிட்டு மறுபடியும் வந்து நிற்பாய். அப்போதும் கம்மி என்றுதான் சொன்னேன்.

முதல் நாளே உப்பு சரியாகத்தான் இருந்தது, புள்ள.