வெள்ளிக்கிழமைக் கோழிக்குழம்பு

அக்கா,

பக்கத்து வீட்டுக்காரி கோழிக்குழம்பில் முருங்கைக்காயை வெட்டிப் போட்டுக் கொதிக்க விட்டிருக்கிறாள். மிளகு கொஞ்சம் தூக்கல் போலிருக்கிறது. வாசம் வேலி தாண்டி வந்து என் சமையல்கட்டில் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. இன்று வெள்ளிக்கிழமை. சின்னப் பெண், அவளுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. நீங்கள் கண்ணை மூடி வருஷம் திரும்பப் போகிறது. இன்றைக்கு உங்களிடம் பேசித் தீர்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மலேயா ரப்பர் தோட்டத்தில், பாலோவுக்கு உள்ளே, கித்தா மரங்களுக்கு நடுவில் இருந்த நம் கூலி லயத்தில் உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையே ஒற்றைப் பலகைச் சுவர்தான். அதுவும் கூரையைத் தொடாது. நீங்கள் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் நான் தும்முவேன். எந்த வீட்டில் என்ன கறி என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதே இல்லை. நீங்கள் வேதக்காரர், தவக்காலம் முடியும்வரை உங்கள் சட்டியில் கவிச்சி ஏறாது. நான் பிள்ளை வரம் கேட்டு மாரியம்மனுக்கு வெள்ளிக்கிழமை விரதம். ஒரு வெள்ளிகூடத் தவறவிட்டதில்லை. இந்த இரண்டு சங்கதியும் லயம் முழுக்கத் தெரியும்.

ஒரு தவக்காலத்தில்தான் நம் லயத்துப் பவளத்தின் புருஷன் காய்ச்சலில் செத்தான். ஈரம் காயவில்லை, அதற்குள் கங்காணி ஆள் விட்டான்: "ஒத்தையில இருக்க வேணாம், என் வீட்ல சமைச்சுப் போட்டுக்கிட்டு இருக்கட்டும்." அந்தச் சமையல் என்னவென்று லயத்துப் பெண்களுக்குத் தெரியாதா? பாவி! அன்றிரவே பவளம் காணாமல் போனாள். அவன் காடெல்லாம் ஆள் விட்டுத் தேடினான். அவளோ உங்கள் சமையல்கட்டு விறகுக்குப் பின்னால், காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். அது உங்களுக்கும் உங்கள் வீட்டு அண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கூலாயில் அவள் அண்ணன் இருந்தான். விடியுமுன் காட்டுப் பாதையில் நடந்து பாலோவில் ரயிலேற்றிவிட்டால் பிழைத்துக்கொள்வாள். ஆனால் எழுந்து நிற்கவே அவளுக்குத் தெம்பில்லை. குடித்த கஞ்சியெல்லாம் வெளியே வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் முட்டைக்கோழியைப் பிடித்துக் கழுத்தைத் திருகினீர்கள். எனக்குப் பகீரென்றது.

"அக்கா, உங்களுக்கு நோன்பு. வாசம் வந்தா கதை முடிஞ்சிச்சு."

"வெறும் வயித்தோட நடந்தா பாதியில விழுந்துருவா. எங்க சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், நீ முருங்கக்கா பறிச்சிட்டு வா."

அப்படிப்பட்ட ஆள் நீங்கள்! மசாலாவைக் குறைத்து, சட்டியை இறுக மூடி, அடுப்பைத் தணித்துத்தான் வைத்தீர்கள். கோழி வெந்தால் வாசம் சும்மா இருக்குமா? விளக்கேற்றும் நேரம், வாசலில் கங்காணியின் பிரம்பு தட்டும் சத்தம் கேட்டது.

"என்னா, வேதக்காரம்மா வீட்ல கறி மணக்குது? தவக்காலம் முடிஞ்சி போச்சா?"

பலகைக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்களுக்குப் பொய் வராது என்று எனக்குத் தெரியும். அவன் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தேன்.

"அது எங்க வீட்டுக் கறிங்க கங்காணியாரே! கூரை ஒழுகி என் அடுப்பு நனைஞ்சி கெடக்கு, அதான் அக்கா அடுப்புல வச்சேன்."

சொன்ன பிறகுதான் கிழமை உறைத்தது. அவனுக்கு முன்னாலேயே உறைத்துவிட்டது.

"வெள்ளிக்கிழம நீ கறி திம்பியா? புள்ளைக்கு வெரதம்னு ஊரே சொல்லுது?"

பின்னால் விறகு லேசாக அசைந்தது. நீங்கள் சட்டென்று குனிந்து ஊதுகுழலால் அடுப்பை ஊதி, புகையில் இருமு இருமென்று இருமினீர்கள். எனக்கு எங்கிருந்துதான் அந்தச் சொல் வந்ததோ!

"அந்த வெரதம்தாங்க பலிச்சிருச்சு. மசக்கை. கோழிக்கு நாக்கு கெடந்து அலையுது. அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அப்படியா? சரி, ஆசையா சாப்பிடு. பார்த்துட்டுப் போறேன்."

பீங்கான் தட்டில் சோறும் குழம்பும் வைத்தீர்கள். குழம்பு தட்டோரம் வழிந்தது. நான் தரையில் உட்கார்ந்து, அம்மனை நினைக்காமல் இருக்கத் தட்டையே பார்த்துக்கொண்டு, ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தேன். மென்றேன். விழுங்கினேன். முருங்கைக்காயைச் சப்பி நாரைத் துப்பினேன். நிஜ மசக்கைக்காரிபோல் இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று தட்டை நீட்டினேன். அவன் சிரித்துவிட்டான். "ஆம்பளப் புள்ளையா பொறக்கட்டும்" என்று சொல்லிப் பிரம்பைச் சுழற்றிக்கொண்டு போனான்.

மிச்சமிருந்த கறியைப் பவளம் எலும்போடு உறிஞ்சித் தின்றதை வாசலை மறைத்துக்கொண்டு நின்று பார்த்தோம். விடியுமுன் உங்கள் வீட்டு அண்ணன் அவளைக் கூட்டிப்போனார். கூலாய் போய்ச் சேர்ந்தாள் என்று பிறகு சேதி வந்தது.

ஆனால் நான் கறி தின்ற அன்றிரவே கங்காணி கள்ளுக்கடையில் போய்ச் சொல்லிவிட்டான். என் வீட்டுக்காரர் குடித்ததைப் பாதியில் வைத்துவிட்டு, எங்கேயோ ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். "நெசமா புள்ள? நெசமா?" என்று கேட்ட முகத்தைப் பார்த்து, பொய் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் திட்டவில்லை. பழத்தை மூலையில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு கரு கலைந்துவிட்டதென்று லயத்தில் சொன்னோம். பெண்கள் வந்து என் தலையைத் தடவி அழுதார்கள். இல்லாத பிள்ளைக்கு அழுகிறார்களே என்று நானும் அழுதேன், நிஜமாகவே.

அதற்குப் பிறகும் எனக்குப் பிள்ளை உண்டாகவே இல்லை. நீங்கள் எனக்குப் பிள்ளை வேண்டி வருஷா வருஷம் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியது எனக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். கடைசியாகப் படுத்துக் கிடந்தபோது என் கையைப் பிடித்துக் கேட்டீர்கள்: "என்னாலதானே உனக்குப் புள்ள இல்லாம போச்சு?"

"பேசாம கஞ்சியக் குடிங்க" என்று கத்தினேன். மறுநாள் நீங்கள் இல்லை.

இப்போது பதில் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தட்டுக் கறிக்குக் கோபித்துக்கொள்ள அம்மன் அவ்வளவு சின்னப் புத்திக்காரியில்லை என்று சில நாள் நினைக்கிறேன். சில நாள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டுப் போகிற சத்தம் கேட்டால், அப்படி நினைக்க முடிவதில்லை. எது நிஜமென்று எனக்குத் தெரியவில்லை அக்கா. ஆனால் அந்தச் சாயங்காலம் திரும்பி வரட்டும், அவன் அதே பிரம்போடு வந்து நிற்கட்டும். எனக்குப் பிள்ளையே பிறக்காது என்று யாராவது முன்கூட்டியே காதில் சொல்லிவிட்டாலும், நான் ஓடி வந்து உங்கள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அந்தக் கறியைத் தின்பேன்.