வழக்குக் கிணற்றின் படிகள்

பிப். 3, செவ்வாய்

காலையில் பனி, பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். சேவூருக்கு எடுத்துப்போக: டேப், தண்ணீர் பாட்டில், தொப்பி. தொப்பியை மறந்தேன்.

ஆபீஸுக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு எண் வேண்டும். மழைக்காலத்தில் சேவூர்க் குளம் நிரம்பினால் சுற்றுப்புற நிலத்துக்குள் எத்தனை அங்குலம் தண்ணீர் இறங்குகிறது? இரண்டுக்கு மேல் என்றால் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவர வாய்க்கால் வெட்டுவார்கள். குறைந்தால் ஃபைலை மூடிவிடுவார்கள். அரசு அளவெடுக்கும் கிணறு இந்தப் பக்கம் ஒன்றே ஒன்று, அதுவும் தூர்ந்து கிடக்கிறது. மேலதிகாரி ரா. சார் போனில்: "டேட்டா இல்லேன்னா வழக்கமா போடறதைப் போட்டுடும்மா. ஒன்றரை."

ஒன்றரை போட்டால் வாய்க்கால் இல்லை. போட மாட்டேன்.

தோட்டத்துக் கிணறுகளுக்கெல்லாம் கல்படி உண்டு. மழைக்கு முன் எத்தனை படி தெரிந்தது, பின் எத்தனை? ஒன்பது கிணறுகளில் கேட்டு எழுதிக்கொண்டேன். ஒருவர் கிணற்றில் இருபது படி மூழ்கியதாம்! பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

பிப். 4, புதன்

மூக்குடைந்த நாள். நேற்றுப் பார்த்த கிணற்றில் இன்று மூன்று படி கூடுதலாகத் தண்ணீர். ஒரு சொட்டு மழையில்லை. தோட்டக்காரர் சாவகாசமாகச் சொன்னார்: "போர்த் தண்ணிய மொதல்ல கெணத்துல உட்டுத்தானுங்க அப்பறம் தோட்டத்துக்கு எடுக்கறது. இங்க எல்லாரும் அப்படித்தானுங்க."

ஆயிரம் அடி ஆழ்குழாயிலிருந்து வரும் தண்ணீர்! நான் எண்ணியது மழையை அல்ல, மோட்டாரை. ஒன்பது கிணறும் வீண். பத்து வருடம் திருப்பூரில் இருந்தும் இது தெரியவில்லை எனக்கு.

அருள்புரம் வீட்டுக்கு வந்தால் அம்மா, பனியன் கம்பெனி ஷிப்ட் முடித்த களைப்போடு: "ஏட்டி, கெணத்துப் படிய எண்ணுததுக்கா உன்ன எம்.எஸ்ஸி. படிக்க வச்சேன்?" ரசம் நன்றாக இருந்தது.

பிப். 5, வியாழன்

சேவூர் டீக்கடை. மோட்டார் இல்லாத கிணறு உண்டா என்றேன். "வழக்குக் கெணறு ஒண்ணுதானுங்க."

குளத்துக்குக் கிழக்கே. அண்ணன் ராமசாமி, தம்பி நடராஜ். பங்குத் தகராறு, பன்னிரண்டு வருடமாகப் பேச்சில்லை. தீர்ப்பு வரும்வரை யாரும் மோட்டார் இறக்கக் கூடாதென்று கோர்ட் உத்தரவு. ஒரு குடம்கூட எடுக்காத கிணறு! இறங்கிப் படியை அளந்தேன். ஒன்பது அங்குலம்.

ஆனால் மழைக்கு முன் எத்தனை படி? அண்ணனிடம் கேட்டேன். பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் வந்தது. "வக்கீலு சொன்னாருங்க அம்மிணி. அவன் திருட்டுத்தனமா மோட்டர் எறக்கீட்டான்னா சாட்சி வேணுமுங்களே. ஒண்ணாந்தேதியானா ஒரு போட்டா."

ஆறு வருடம். மாதம் தவறாமல். தேதி அச்சடித்து.

தம்பிக்கு நிட்டிங் மிஷின் நாலு ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் கத்திக் கேட்டேன். அவர் செல்போனை நீட்டினார்: "அவர நம்ப முடியாதுங்க. நானும் ஆறு வருசமா ஒண்ணாந்தேதியானா எடுத்துருவேன்."

ஐயோ. இரண்டு சாட்சி!

பிப். 6, வெள்ளி

காலையில் நாலு மணி நேரம் படி எண்ணினேன். கண் எரிச்சல். இரண்டு பேர் படமும் பக்கத்தில் பக்கத்தில்.

போன அக்டோபரில் தெரிந்த படி 31. டிசம்பரில் 17. மூழ்கியது 14, அதாவது 126 அங்குலம். இந்தப் பாறையில் தண்ணீர் தங்கும் இடம் நூற்றுக்கு இரண்டு பங்கு. ஆக, இரண்டரை அங்குலம்!

குளம் நிரம்பிய வருடமெல்லாம் இரண்டுக்கு மேல். குளம் வறண்டு கிடந்த வருடம் நாலே படி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ரா. சார் அரை மணி நேரம் குடைந்தார். ஒருத்தர் படம் பொய்யாக இருந்தால்? இன்னொருத்தர் படம் காட்டிக்கொடுத்திருக்கும் சார் என்றேன். சிரித்துவிட்டார். அனுப்பியாயிற்று.

பிப். 9, திங்கள்

குளம் வாய்க்கால் பட்டியலில்! ஆபீஸிலேயே ஒரு குதி குதித்தேன். அம்மாவுக்கு மைசூர்பாகு. மிச்சத்தோடு சேவூர் பஸ்.

முதலில் அண்ணன் வீடு. மைசூர்பாகை வாங்கினார், வாயில் போடவில்லை. "அவன் போட்டாவும் சரியாத்தான் இருந்துச்சுங்களா?"

"எழுபத்திரண்டு மாசம். ஒரு படி மாறலைங்க."

மைசூர்பாகைத் தட்டில் வைத்தார். "வாய்க்கா வருதுன்னு அவனுக்குச் சொல்லிப் போட்டீங்களா?"

"இல்லைங்க. நீங்களே சொல்லுங்க."

"அவன் நம்பரு எங்கிட்ட இல்லீங்க அம்மிணி."

கொடுத்தேன்.