வராந்தாவில் ஒரே ஒரு கெட்டில்

என் வாயாடி மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன், முதல் சொல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொள்: நலமறிய ஆவல். மருந்து வண்டி டிரைவர் இதைப் பஞ்சுப் பெட்டிக்குள் வைத்து உன் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். திரும்பி வரும்போது என் மகளையும் அதே பெட்டியில் வைத்துக் கொண்டுவாங்களேன் என்று விளையாட்டுப் போலக் கேட்டேன். ஆளை ஏத்தினா வண்டியையே நிறுத்திடுவாங்கம்மா, பேப்பர்னா பரவாயில்லை என்றார். அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

அப்பா உடம்புக்கு ஒன்றுமில்லை, நாள் முழுக்க ரேடியோவோடு குடித்தனம் நடத்துகிறார், என்னைவிட அதற்குத்தான் அதிகமாகப் பதில் சொல்கிறார். உன் சைக்கிளுக்கு வாரம் தவறாமல் எண்ணெய் போடுகிறார். ஓட்ட ஆளில்லாத வண்டிக்கு எதுக்குங்க எண்ணெய் என்று கேட்டுத் தொலைத்தேன், வந்து ஏறினதும் கிறீச்சுனா அவ என்னைத்தானே திட்டுவா என்றார். அதற்குப் பிறகு நான் கேட்பதில்லை. என்னைப் பற்றிக் கேட்டால், தலைக்குச் சாயம் பூசினேன், கண்ணாடியில் என் சித்தி எட்டிப் பார்த்தது போல இருந்தது, விட்டுவிட்டேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மா போன வாரம் என்னை மடக்கி, ஏங்க்கா, உங்க ஆபீஸ்ல நாட்டுக்கு நாடு சண்டையெல்லாம் தீத்து வைப்பீங்களாமே, மாடிவீட்டுக்காரிக்கும் எனக்கும் தண்ணித் தகராறு, அதைக் கொஞ்சம் தீத்து வையுங்களேன் என்றாள். சும்மா இல்லாமல் நானும் போனேன். இப்போது இரண்டு பேருமே என்னிடம் பேசுவதில்லை. ஒருவரோடொருவர் நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள், என்னைப் பற்றித்தான்.

அலுவலகத்திலும் அந்த அளவுக்காவது நடந்திருந்தால் நான் ஊர்வலமே வைத்திருப்பேன் கண்ணு. உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எந்த அரசாங்கத்தையும் சேராதவர்கள், எங்களுக்கென்று பட்டாளம் கிடையாது, பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே வாடகைக்கு எடுத்த மாடி, அதில் இரண்டு அறை, நடுவில் ஒரு வராந்தா, இவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம். அரசாங்கத்தோடு அரசாங்கம் பேசினால் கௌரவம் குறுக்கே வரும், எங்களிடம் வந்தால் வரவே இல்லை என்று நாளைக்குச் சாதித்துவிடலாம், அதற்காகத்தான் வருகிறார்கள். உங்கள் ஊர்ப் பாதையை மறித்து வைத்திருப்பவர்களின் தலைவர் ஒரு அறையில். நாங்கள் அவரைக் குடைக்காரர் என்போம், அறைக்குள்ளும் குடையைக் கையைவிட்டு வைக்க மாட்டார். உங்கள் ஊர்த் தரப்பில் பேச வந்தவர் இன்னொரு அறையில், அவர் இருமல்காரர். ஒரே மேஜையில் உட்கார மாட்டோம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள், அவர்களுக்குள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. எங்கள் இயக்குநர் பழம் தின்று கொட்டை போட்டவர், சரி, தனித்தனி அறை தருகிறேன், ஆனால் டீ வராந்தாவில்தான் என்று ஒரே ஒரு கெட்டிலை வைத்தார். தாகம் யாரை விட்டது? முதல் வாரம் ஒருவர் போன பிறகு ஒருவர் வந்தார்கள். அப்புறம் ஒரு நாள் இடித்துக்கொண்டார்கள். அவர் மொழி இவருக்குத் தெரியாது, இவர் மொழி அவருக்குத் தெரியாது, நடுவில் மொழிபெயர்க்க நான், கையில் சர்க்கரைக் கிண்ணம். முதலில் பேசியது முழங்கால் வலியைப் பற்றி. உன் மருந்து வண்டி உள்ளே வருகிறதே, அது அந்தக் கெட்டில் பக்கத்தில் நின்றபடி முடிவானதுதான். அடுத்தது ஆட்களை வெளியே கொண்டுவருவது, காயம்பட்டவர்களும் அவர்களோடு நர்சுகளும் என்று பேச்சு அந்த வாசல்வரை வந்துவிட்டது.

அப்போது எங்களுக்குப் பணம் தரும் அறக்கட்டளையிலிருந்து பார்வையிட வந்தார்கள். நல்ல மனிதர்கள், அதுதான் கஷ்டமே. விருந்தாளிகளை வராந்தாவில் நிற்கவைத்து டீ ஊற்றச் சொல்வதா என்று அவர்களுக்கு மனசு தாளவில்லை, அறைக்கு ஒன்றாக இரண்டு டீ மிஷின் வாங்கித் தந்துவிட்டுப் போனார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார் இயக்குநர், அந்த வருஷத்துப் பணம் இன்னும் வரவில்லை, அழுத்திச் சொல்ல முடியவில்லை. கெட்டில் கீழே பல் டாக்டரிடம் போய்விட்டது. மிஷின் அருமையாக டீ போடுகிறது. கதவுகள் சாத்திக்கொண்டன, அதன் பிறகு யாரும் வெளியே வரவில்லை. நான் மட்டும் அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு அறைக்கும் அறைக்கும் நடந்தேன், ஒவ்வொரு சீட்டும் முந்தையதைவிடச் சூடு.

வராந்தா காலத்தில் ஒரு தடவை குடைக்காரர் எனக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒரு பெண், நர்ஸ் என்றேன். எங்கே என்றார். தூரத்தில் என்று சொல்லிவிட்டுச் சர்க்கரையைக் கலக்கினேன். நீ எங்கே இருக்கிறாய் என்று தெரிந்தால் இந்த அலுவலகம் இருமல்காரர் பக்கத்துக்குச் சொந்தம் என்று எழுந்து போய்விடுவார்கள். இயக்குநரிடம் மட்டும் சொல்லி, வேறு ஆளை வையுங்கள் என்றேன். இந்த இரண்டு மொழியும் தெரிஞ்ச வேற ஆள் யாரும்மா இருக்காங்க, கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ என்றார். கீழே பல் டாக்டர் இருக்கும் தைரியத்தில் கடித்துக்கொண்டேன்.

கடைசி நாள் சாயங்காலம் குடைக்காரரின் அறைக் கதவு திறந்தது. கையில் காலிக் கோப்பையோடு வந்து, கெட்டில் இருந்த மூலையில் நின்றார். உள்ளே மிஷின் இருக்கிறதே என்று கேட்க வாயெடுத்தேன், நல்லவேளை கேட்கவில்லை. எதிர் அறையில் இருமல் கேட்டது. இருமல் ஜாஸ்தியாயிருக்கே, மருந்து ஏதும் எடுக்கிறாரா என்று என்னிடம் கேட்டார். இயக்குநர் அதைப் பார்த்ததும், அந்த வயதில், செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினார், பல் டாக்டரிடம் கெட்டிலை வாங்கிவர. டாக்டர் யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார், இருங்க சார், ஒரு நிமிஷம் என்றிருக்கிறார். இவர் கெட்டிலோடு மூச்சு வாங்க மேலே வந்தபோது குடைக்காரருக்குப் போன் வந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். வராந்தாவில் நானும் இயக்குநரும் அந்தக் கெட்டிலும்தான்.

பிறகு முடிவு சொல்ல எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள். எங்கள் தொழிலில் அவர் இப்படிச் சொல்கிறார் என்று சொல்லக்கூடாது, அவர் வாயாகவே பேச வேண்டும். அதனால் குடைக்காரர் சொன்னதை உன்னைப் பெற்ற நானே, தெளிவான குரலில், தடுமாறாமல், அந்த ஊரிலிருந்து ஒருவரையும் வெளியே விட மாட்டேன், பாதையைத் திறக்க மாட்டேன் என்று சொன்னேன். நன்றாக மொழிபெயர்த்தாய் என்று இயக்குநர் தோளில் தட்டினார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லவில்லை. சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

இனி நான் சொல்லப் போவதுதான் முக்கியம், இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். பேச்சு முறிந்தது என்று நாங்கள் அறிவித்தால் மறுபடி யாரும் எங்கள் படி ஏற மாட்டார்கள், அதனால் எப்போதும் போல ஓர் அறிக்கை: இரு தரப்பும் மனம்விட்டுப் பேசின, பாதை விரைவில் திறக்க வாய்ப்பு இருக்கிறது. இரண்டு மொழியிலும் எழுதிக் கொடுத்தது நான்தான், அழகாகவே வந்திருக்கிறது, வெட்கமாக இருக்கிறது. இன்னும் சில நாளில் உங்கள் ரேடியோவிலும் வரும். போன தடவை இதே வாக்கியத்தைக் கேட்டு மூட்டை கட்டிப் பாதையில் இறங்கியவர்களுக்குக் கட்டுப் போட்டது நீதான், எழுதியிருந்தாய். ரேடியோ என்ன சொன்னாலும் நீ கிளம்பாதே. ஆஸ்பத்திரியில் யாரையும் கிளம்ப விடாதே. ஜன்னல் பக்கம் படுக்காதே, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, பசிக்கவில்லை என்று கிடைத்ததை அடுத்தவருக்குக் கொடுத்துவிடாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

நாளைக்கும் வேலைக்குப் போவேன், யாரும் வராவிட்டாலும் போவேன். கெட்டிலை நான்தான் தேய்த்து வராந்தாவில் வைத்திருக்கிறேன். எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்காதே, இல்லை. நீ தலை நரைத்து, உன் பெண்ணிடம் என்னைப் பற்றிக் கேலி பேசும்வரை நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் ஆசீர்வாதம். அப்பாவும் தன் ஆசியைச் சொல்லச் சொன்னார். மறுபடியும் சொல்கிறேன், நல்ல செய்தி கேட்டால் அங்கேயே இரு. உண்மையிலேயே பாதை திறந்தால் அறிக்கை வராது, நானே வருவேன்.

உன்னை நினைத்தபடி,
அந்த அறிக்கையை எழுதிய
உன் அம்மா