ஏரிக்கரை மேட்டில் வெற்றிலை

அன்புள்ள அப்பாவுக்கு, பம்பாயிலிருந்து செபாஸ்டின் தோத்திரத்துடன் எழுதுவது. நலம். உங்களுக்கும் அம்மாவுக்கும் உடம்பு எப்படி?

போன வாரம் மில் மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அழுத்தியது. இடது கையும் கடுத்தது. செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் நின்றேன், அடங்கிவிட்டது. வாய்வு என்றே நினைத்தேன். இருதயத்துக்கு ரத்தம் போதாததால் வரும் வலி, நின்றால் அடங்கும், அதற்காக விட்டுவிடக் கூடாது என்றார் டாக்டர். நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை தந்திருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை.

கொஞ்சம் கொள்ளுப் பொடி அனுப்பச் சொல்லுங்கள். தனியாகச் சாப்பிட எதுவும் இறங்கவில்லை.

ஏரிக்கரை மேட்டில் பாதியில் நின்று, "நீ முன்னால போப்பா, வெத்தல போட்டுட்டு வர்றேன்" என்பீர்களே. தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மில் சங்கு ஊதிவிட்டது, வேலைக்குக் கிளம்ப வேண்டும். அம்மாவிடம் வெற்றிலை என்றே சொல்லிக்கொள்ளுங்கள். டாக்டரிடம் மட்டும் அப்படிச் சொல்லாதீர்கள்.

மகன்,
செபாஸ்டின்