நேற்று வேறு மாதிரி சொன்னாயே

என் தங்கத்துக்கு,

உன் கணக்கு மார்க்குக்காக நம்மைக் கூப்பிட்ட அன்று பள்ளியில் இருந்தவர்கள் தலைமையாசிரியை, கணக்கு வாத்தியார், உன் அப்பா, நீ, நான். “இவ மண்டையில கணக்கு ஏறாது” என்றார் வாத்தியார்.

அன்றிலிருந்து நான் துணி மடிக்கும்போதெல்லாம் எனக்குப் பாடம் சொன்னாய். எனக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் கேட்டது மறக்காது. “நேத்து வேற மாதிரி சொன்னியேடி!” என்பேன். “ஐயோ பாட்டி” என்று புத்தகத்தைப் புரட்டுவாய்.

நீ அத்தை வீட்டுக்குப் போன பிறகு, நேற்று வாத்தியாரே வீடு தேடி வந்தார். கணக்கில் பள்ளிக்கே நீதான் முதல்!

“நல்ல மூளைம்மா அவளுக்கு.”

“அப்பவும் இதே மூளைதான் சார். சொல்லிப் பார்க்கத்தான் ஆள் இல்ல.”

தலை குனிந்தார். மன்னித்துவிட்டேன்.

அன்று “ஆமா சார், இவ மக்குதான்” என்று தலையாட்டியவனை மட்டும் மன்னிக்க மாட்டேன். அவன் நான் பெற்ற பிள்ளை, உன் அப்பன்.

உன் முதல் மாணவி,
பாட்டி